ஒன்றரை மில்லிமீற்றர் சாவியும் ஒன்பது வருசக் கிற்றாரும்

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டான்: “அண்ணை, உங்கட கிற்றார் மாதிரியே ஒண்டு பாவிச்சது வருது. விலையும் குறைச்சிட்டினம். எடுக்கலாமோ?” அவன் கேட்ட நேரம் சரியில்லை. மேசை முழுக்கப் பழைய பெனியன் துணி, மண்ணெண்ணெய், மெழுகுதிரித் துண்டு, ஈயம் பற்றவைக்கிற அயர்ன் எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு, அவன் சொன்ன அந்த என் கிற்றாரின் ஆணி ஒன்றோடு மூன்றாம் நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “பிறகு சொல்லுறன்” என்று மட்டும் போட்டேன். அந்தப் பிறகு இதுதான்.

கம்பனிப் பெயரை விட்டுவிடுகிறேன். 1954இல் ஃபெண்டர் கம்பனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், என்ற மின்கிற்றாரின் உருவத்தைப் பார்த்துச் செய்த, படிக்கத் தொடங்குகிறவர்களுக்கான மலிவு விலைக் கிற்றார்களில் ஒன்று. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற மூன்று பிக்கப், ஐந்து நிலைச் சுவிட்ச், கம்பிகளைத் தாங்கிக்கொண்டு ஆறு ஆணியில் ஆடுகிற பிறிட்ஜ். மிச்சம் எல்லோருக்கும் தெரியும். 2016இல் கொழும்பில் வாங்கினேன். வீடு திருகோணமலை டச்சுக்குடாப் பக்கம். எனக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தெருவும் கொஞ்ச மணலும்தான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு நான் நியாயமில்லாமல் திட்டுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

பிறிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சாடில், கம்பி உட்காருகிற குட்டித் துண்டு. ஒவ்வொரு சாடிலிலும் உயரம் கூட்டிக் குறைக்க இரண்டு குட்டி ஆணி. ஆக மொத்தம் பன்னிரண்டு. தலையில்லாத ஆணிகள், நடுவில் அறுகோணக் குழி, அதற்குள் 1.5 மில்லிமீற்றர் அலன் சாவி போகும். ஊர்க்கடையில் இடியப்பத்துக்குள் விழுந்தால்கூடத் தெரியாத அளவு. ஒன்பது வருசமாக என் பொறுமையைத் தின்றது இந்தப் பன்னிரண்டும்தான். பிக்கப்பும் மரமும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

கம்பியை அமத்தி வாசிக்கும்போது வலது உள்ளங்கையின் அடிப்பக்கம் பிறிட்ஜில்தான் கிடக்கும். தடித்த கம்பிகளின் பக்கம், ஆறாவதும் ஐந்தாவதும். கையின் வியர்வை நேரே அந்த நாலு குழிக்குள் இறங்குகிறது. சாடிலுக்கு மேல்பூச்சு உண்டு, பளபளவென்று கிடக்கும். ஆணி வெறும் உருக்கு, கறுப்பாக்கிய மெல்லிய தோல் மட்டும்தான். வாடைக்காற்றுக் காலத்தில் கடற்பக்கமிருந்து வருகிற ஈரத்தில் உப்பு கலந்திருக்கும். யன்னல் கம்பியைத் தடவினால் விரலில் ஒட்டும். அந்த உப்பும் கை வியர்வையும் சேர்ந்தால் குழிக்குள் கறள் பொங்கி நிரம்பிவிடும். பிறகு சாவி முழுதாக உள்ளே போகாது, நுனி மட்டும் கடிக்கும். திருப்பினால் குழியின் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிடும். வட்டமான குழிக்குள் அறுகோணச் சாவியைச் சுற்றிக்கொண்டிருப்பது என்ன சுகம் என்று கேட்கவேண்டாம்.

ஐந்தாம் வருசம் வரைக்கும் கறளைத் துடைத்துத் துடைத்துச் சமாளித்தேன். பிறகு ஆறாவது கம்பி ஏழாம் பிறெட்டுக்கு, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் ஏழாவதுக்கு, மேலே சரசரவென்று அடிக்கத் தொடங்கியது. சாடிலை அரை மில்லிமீற்றர் உயர்த்தினால் போதும். அந்த அரை மில்லிமீற்றருக்காகத்தான் இவ்வளவும்.

2022இல் மாற்றுச் சாமான் தேடினேன். டொலர் இருநூற்றிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறின வருசம். பல்லைக் கடித்துக்கொண்டு முழு பிறிட்ஜ் ஒன்று இணையத்தில் எடுப்பித்தேன். ‘ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும்’ என்று எழுதியிருந்தது. வந்த நாள் கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் பழையதைக் கழற்றிப் புதியதை வைத்துப் பார்த்தால், பிறிட்ஜை உடம்பில் பிடிக்கிற ஆறு ஆணியில் முதலாவது ஓட்டைக்கு நேராக இருக்கிறது, ஆறாவது கிட்டத்தட்ட நாலு மில்லிமீற்றர் தள்ளி மரத்துக்கு மேலே நிற்கிறது. இடையில் உள்ளவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணல். கலைந்துபோன பிள்ளைகளின் வரிசை மாதிரி.

அன்றைக்குத்தான் விளங்கியது, ஸ்ட்ராட் என்பது ஒரே அளவு கிடையாது. பழைய அமெரிக்க அளவில் முதல் ஆணியின் நடுவிலிருந்து ஆறாவதின் நடுவுக்கு 56 மில்லிமீற்றர் சொச்சம். என்னுடையது மாதிரி ஒடுக்கமான பிறிட்ஜில் 52.5. கம்பிக்குக் கம்பி கணக்கிட்டால் 11.3, 10.5. ஒன்றின் சாடில்களை மற்றதில் பக்கம் பக்கமாக அடுக்கவும் முடியாது. சாடில் ஆணியின் புரியும் அப்படியே: அமெரிக்கச் சாமான் அங்குலக் கணக்கு, என்னுடையது மில்லிமீற்றர்க் கணக்கில் எம் 3. ஆட்டுகிற கைப்பிடியையும் சேர்த்துப் புதிதாக எடுப்பித்திருந்தேன். அது அங்குலப் புரி, பிறிட்ஜுக்குக் கீழே தொங்குகிற என் புளக்கில் எம் 6 ஓட்டை. உள்ளே விட்டேன், வழுக்கிக்கொண்டு போய் முதுகுப்பக்க ஸ்பிறிங்கில் டங்கென்று நின்றது. கோபத்திலும் சிரிப்பு வந்தது. அந்த பிறிட்ஜும் கைப்பிடியும் இன்னும் அலுமாரிக்குள் பெட்டியோடு கிடக்கின்றன. உடம்பில் புது ஓட்டை போட மனம் வரவில்லை.

அம்புக்குப் போகிற வயரைக் குத்துகிற ஜாக்கின் கதையையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன், அதில் பிழை என்னுடையது. வெளிச் சுரை தளர்ந்தால், உள்ளே ஜாக்கைப் பிடிக்காமல் வெளியே மட்டும் இறுக்காதீர்கள். ஜாக்கும் சேர்ந்து சுற்றும், பின்னால் நிலக்கம்பி முறுகி அறும், அம்ப் ‘ம்ம்ம்’ என்று ஊளையிடும். எனக்கு இது உப்புவெளி ஹோட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடந்தது. அந்தப் பருவம் முழுக்க பேஸ் வாசிக்கிறவன் என்னைப் பார்த்து ‘ம்ம்ம்’ என்றுதான் வணக்கம் சொன்னான்.

திரும்பவும் ஆணிக்கு. மூன்றாம் நாள் தோற்றுப்போய், போட் எஞ்சின் திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். திருக்கடலூர்க் கரையில் வேலை செய்கிறவர். கிற்றாரை மடியில் வைத்தார், குழந்தையை வைக்கிற மாதிரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிறிட்ஜை மூக்கோடு வைத்துப் பார்த்தார்.

“எண்ணெய் விட்டனீரோ?”

“மூண்டு நாளா விடுறன் ஐயா.”

“எண்ணெய் உள்ள போகாது தம்பி, கறள் அடைச்சுக்கொண்டு நிக்குது. சூடு காட்ட வேணும்.”

என் அயர்னையே வாங்கி நுனியை ஆணியின் தலையில் வைத்தார். அவர் வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நிமிசம் இருக்கும். பிறகு அயர்னை எடுத்துவிட்டு மெழுகுதிரித் துண்டை அந்தச் சூட்டில் தொட்டார். மெழுகு உருகி ஆணியைச் சுற்றி ஒரு வளையமாக நின்றது, பிறகு கண்ணுக்கு முன்னால் புரிக்குள் இழுபட்டு மறைந்தது. ஊசியால் குழியைச் சுரண்டிக் கறள் மாவைத் தட்டிவிட்டு, புதுச் சாவியைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இறக்கினார். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. பிறகு தளர்த்துகிற பக்கம். “டிக்” என்றது. அந்தச் சத்தத்துக்கு ஐந்தாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவர் ஒரு தேத்தண்ணியோடு முடித்துக்கொண்டார்.

பன்னிரண்டில் பதினொன்று வந்தது. ஐந்தாவது கம்பிச் சாடிலில் உள்ள ஒன்று மட்டும் வரவில்லை. என் பழைய சாவி அதை எப்போதோ வட்டமாக்கிவிட்டது. அது இருக்கிற உயரத்திலேயே இருக்கட்டும் என்று மற்றப் பதினொன்றையும் அதற்கேற்ப ஒழுங்குபடுத்தினோம். வீட்டில் சொல்கேட்காத ஒரு மூத்த ஆளுக்கு ஏற்ப எல்லோரும் நடக்கிற மாதிரி.

புது ஆணி எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். கிற்றார்க் கடையில் கிடைக்கவில்லை. கொழும்பு போன மச்சான், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் முப்பரிமாண அச்சு இயந்திரச் சாமான் விற்கிற இடத்தில் எடுத்துவந்தான். அந்த இயந்திரத்தின் பல்லுச்சில்லை அச்சில் பிடித்துவைக்கிறதும் இதே எம் 3 தலையில்லா ஆணிதான், சாவியும் அதே 1.5. துருப்பிடிக்காத உருக்கில் ஒரு பைக்கற், மூன்று கிற்றாருக்குப் போதும். போடுமுன் புரியில் துளி கிறீஸ் தடவச் சொன்னார் ஐயா. கிறீஸ் போட்டால் கம்பிக்கு நிலத்தொடுப்பு விட்டுப்போகுமோ என்று பயந்து மீற்றர் வைத்துப் பார்த்தேன். பீப் என்றது, ஒரு குறையும் இல்லை.

இனி நியாயமாகவும் கொஞ்சம் கதைக்க வேண்டும். இந்தக் கிற்றாரின் கழுத்து ஒன்பது வருசத்தில் என்னை ஒருமுறையும் ஏமாற்றவில்லை. கச்சான் அடிக்கிற மாதங்களில் மரம் காய்ந்து, பிறெட்டின் முனைகள் விரலைக் கீறும். மெல்லிய அரத்தால் ஒருமுறை உரசிவிட்டேன், அதோடு சரி. கழுத்துக்குள்ளே போகிற நீள இரும்புக் கம்பியை வருசத்துக்கு ஒருதரம் கால் சுற்றுத் திருப்பினால் போதும். சுருதி முறுக்குகிற ஆணிகள் வந்தவையேதான், கல்யாண வீட்டில் நாலு மணித்தியாலம் பைலா வாசித்தாலும் இளகாது. நடு பிக்கப்பும் பின் பிக்கப்பும் சேர்ந்த நிலையில் வருகிற அந்தத் தண்ணிச் சத்தத்துக்காக, என்னைவிட விலைகூடின கிற்றார் வைத்திருக்கிற இரண்டு பேர் இதைக் கடன் கேட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தவன், பன்னிரண்டு ஆணிக்கு நல்ல உருக்குப் போட என்ன கேடு? கழுத்தைச் செதுக்கினவனுக்கு இருந்த அக்கறை ஆணிப் பைக்கற்றை வாங்கினவனுக்கு இல்லை. ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் ஞாபகம் வருகிறார்.

ஆகவே தம்பி, வேண்டாம். விலை பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். அப்படியும் பார்க்கப் போகிறாய் என்றால் பாட்டு வாசித்துப் பார்க்காதே, அடிமட்டம் ஒன்றும் 1.5 சாவியும் கொண்டுபோ. ஆறாவது சாடிலில் சாவி அடிவரை இறங்குதோ, பிறிட்ஜைப் பிடிக்கிற முதல் ஆணிக்கும் கடைசி ஆணிக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார். சாவி இல்லையென்றால் என்னிடம் வந்து வாங்கு. அண்ணை, அப்ப உங்கடையத் தாறியளோ என்று மட்டும் கேட்காதே. சனிக்கிழமை எனக்கு உப்புவெளியில் வாசிப்பு இருக்கு.