சென்சார் என்று விற்றார்கள். உறைக்குள் இருந்தது வெறும் ரெசிஸ்டர்

டீசல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) வண்டியில் யூரியா ஊற்றி ஓட்டுகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டெஃப் எனப்படும் அந்த யூரியாத் திரவத் தொட்டியின் வெப்பநிலை சென்சார் போய்விட்டது என்று ஸ்கேனர் காட்டினால், தொட்டியையே மாற்ற வேண்டும் என்பார் ஒருவர். சென்சார் மட்டும் போதும், நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்பார் இன்னொருவர். நான் இரண்டாமவரை நம்பினேன். 6,800 ரூபாய் கொடுத்து அவரிடம் வாங்கிய பொருள் சென்சாரே இல்லை.

நான் ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வண்டி 2021 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது, வாரண்டி முடிந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. டெஃப் தொட்டி உள்ள எந்த வண்டிக்கும் இது வரக்கூடியதுதான்.

போன செப்டம்பரில் ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே, இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு என்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்ற எச்சரிக்கையும் வந்தது. தொட்டியில் யூரியா பாதிக்கு மேல் இருந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அதில் பி205டி என்ற கோளாறு எண். தொட்டி வெப்பநிலை சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. பம்ப், ஹீட்டர், அளவு காட்டும் சென்சார், வெப்பநிலை சென்சார் எல்லாம் ஒரே அசெம்பிளியாக வருவதால் தனியாக எதையும் தர முடியாது, மொத்தமாக 88,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வயரை அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி அளக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லையாம். கனெக்டரை ஒருவர்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அது என் மனத்தை உறுத்தியது.

யூரியா என்று நாம் சொல்கிற டெஃப் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். சூடான புகையின் மேல் இதைத் தெளித்தால் அம்மோனியாவாகப் பிரிந்து, புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். சுழியத்துக்குக் கீழே 11 டிகிரியில் இது உறைந்துபோகும். அதனால்தான் தொட்டிக்குள் ஒரு ஹீட்டரும், எப்போது சூடாக்க வேண்டும் என்று சொல்ல ஒரு வெப்பநிலை சென்சாரும் இருக்கின்றன. ஈரோட்டு வெயிலில் எந்த யூரியா உறையப்போகிறது என்று நமக்குத் தோன்றும். வண்டியின் கணினிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சென்சாரிடமிருந்து பதில் வரவில்லை என்றால் என் வண்டியில் கிலோமீட்டர் குறையத் தொடங்கும். சுழியத்தைத் தொட்டாலும் ஓடுகிற என்ஜின் நடுவழியில் நிற்காது. ஆனால் ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி உயிர் பெறாது.

அந்த வாரத்திலேயே ஒருவர், இருபதாயிரம் கொடுத்தால் மென்பொருளை மாற்றி இந்த யூரியா ஏற்பாட்டையே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்றார். மறுத்துவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. சட்டம் இடம் தந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன். என் மகளுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது. அந்த விளக்கை அணைப்பதற்காக நான்கு தெருப் பிள்ளைகள் அந்தப் புகையை மூச்சில் இழுக்க வேண்டாம்.

சென்னை ஜி.பி. ரோட்டில் எனக்குத் தெரிந்த உதிரிபாகக் கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். "அது தனியாக வராது தம்பி, யாராவது தனியாகத் தருகிறேன் என்றால் கொஞ்சம் பார்த்து வாங்குங்கள்" என்றார். அந்தப் பேச்சை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் கைப்பேசியில் ஒரு விளம்பரக் காணொளி கண்ணில் பட்டுவிட்டது. என் மாடலுக்கே உரிய சென்சார், பழைய இரண்டு வயர்களை வெட்டிவிட்டு இதை இணைத்தால் போதும், ஆறு மாதம் வாரண்டி. பேசியவர் மரியாதையாகப் பேசினார், சந்தேகம் கேட்டால் விளக்கினார். பணம் அனுப்பினேன். மூன்றாம் நாள் பொருள் வந்தது. ஜி.எஸ்.டி. பில் இல்லை, ஒரு மதிப்பீட்டுச் சீட்டு மட்டும் இருந்தது. கேட்டதற்கு, பிறகு அனுப்புகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

மாட்டுவதற்கு முன்னால் அதன் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தேன். 9.91 கிலோ ஓம் காட்டியது. வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் இந்த மாதிரி சென்சாருக்கு 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மழைக்கால மாலை, அறையின் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். நான் செய்த பெரிய பிழை இதுதான். ஒரே வெப்பநிலையில் ஒரே ஒரு முறை அளந்ததை வைத்து எந்தச் சென்சாரையும் நம்பக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. தொட்டியில் இருந்த யூரியாவைக் கைப்பம்பால் சுத்தமான பிளாஸ்டிக் கேனுக்கு மாற்றினேன். வண்டியின் அடி மூடியைக் கழற்றித் தொட்டியை இறக்கினேன். கனெக்டரைப் பிரித்தபோது உள்ளே கல்லுப்பு போல வெள்ளைப் படிகம் அப்பியிருந்தது. சென்சாருக்குப் போகும் வயரின் மேல்தோல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. தோலை உரித்தேன். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலப்பச்சை மாவு. ஒரு சாண் நீளத்துக்கு வயரே இல்லை, தோல் மட்டும்தான். யூரியா அப்படித்தான் வேலை செய்யும். முடியளவு வழி கிடைத்தாலும் வயர் இழைகளுக்கு நடுவே ஏறிச் செம்பைத் தின்றுவிடும். பித்தளையையும் துத்தநாகத்தையும்கூட விடாது. அதனால்தான் அதற்கான பாத்திரங்களைத் துருப்பிடிக்காத எஃகிலோ பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கிலோ செய்கிறார்கள்.

அந்த மாவைப் பார்த்தபோதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். வயர் போயிருக்கிறது, சென்சாரும் போய்விட்டதா என்ற கேள்வி அப்போது எழவில்லை. புதியது கையில் இருந்ததால் பழையதை வெட்டி மேசை இழுப்பறையில் போட்டேன். புதியதை இணைத்தேன், தொட்டியை ஏற்றினேன், தெரிந்த மெக்கானிக்கிடம் 500 ரூபாய் கொடுத்துக் கோளாறு எண்ணை அழித்தேன். விளக்கு அணைந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் ஒரு தொல்லையும் இல்லை. நண்பர்கள் இரண்டு பேருக்கு அந்த விற்பனையாளரின் எண்ணை நானே கொடுத்தேன். இதை எழுதும்போதும் அது வலிக்கிறது.

ஜனவரியில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனோம். இரண்டாம் நாள் காலை ஆறரை மணி. விடுதி வாசலில் புல்லெல்லாம் உறைபனி, காரின் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஸ்டார்ட் செய்தேன். சில நிமிடங்களில் அதே மஞ்சள் விளக்கு. இந்த முறை 600 கிலோமீட்டர் என்று காட்டியது. என்னிடம் இருந்த சிறிய ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். எண் மாறியிருந்தது. முன்பு பி205டி, இப்போது பி205பி.

கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு, ஆனால் பொருள் முற்றிலும் வேறு. முன்பு வந்தது, சென்சாரின் மின்சுற்று அறுந்து கிடக்கிறது என்ற புகார். இப்போது வந்தது, இணைப்பு இருக்கிறது, ஆனால் அது சொல்வது நம்பும்படி இல்லை என்ற புகார். இரவெல்லாம் நின்ற வண்டியில் எல்லாச் சென்சாரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையைத்தான் சொல்ல வேண்டும். ஸ்கேனரில் வரிசையாகப் பார்த்தேன். என்ஜினுக்குள் வரும் காற்று 4 டிகிரி. கூலன்ட் 5 டிகிரி. யூரியா தொட்டி 25 டிகிரி.

கண்ணாடியில் பனி படிந்திருக்கிற காலையில் 25 டிகிரி. அங்கேயே புரிந்துவிட்டது. அன்று பார்ப்பதாக இருந்த தாவரவியல் பூங்காவை விட்டுவிட்டு மலையிறங்கினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்தில் சாப்பிட நிறுத்தவும் எனக்குத் துணிவு வரவில்லை. 600 கிலோமீட்டர் மீதி இருக்கிறது என்று தெரிந்தும், அணைத்தால் எழுமா என்ற பயம்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியை மறுபடி இறக்கினேன். அந்தச் சென்சாரை வெட்டியெடுத்து ஒரு டம்ளர் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து அளந்தேன். 9.91 கிலோ ஓம். சமையலறை வெப்பமானியில் 60 டிகிரி காட்டிய வெந்நீரில் வைத்து அளந்தேன். 9.91. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில் வைத்தேன். அப்போதும் அதே எண். கறுப்பு உறையை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே பசை, பசைக்கு நடுவே ஒரு சாதாரண கார்பன் ரெசிஸ்டர், அதாவது மாறாத மின்தடை. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, கடைசியில் பொன்னிறப் பட்டை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு ரூபாய்க்குக் கிடைப்பது. வெயிலோ பனியோ, வண்டி இருக்கும் காலம் வரை 25 டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஈரோட்டில் அந்த மாதங்களின் காலை நேரத்துக்கு அது பெரிதாக முரண்படவில்லை. அதனால் பொய் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

அப்போதுதான் இழுப்பறையில் கிடந்த பழைய சென்சார் நினைவுக்கு வந்தது. அரிக்கப்பட்ட வயரை முழுவதும் வெட்டிவிட்டு, சென்சாரின் கழுத்தருகே நல்ல செம்பு தெரியும்வரை உரித்து மீட்டரை வைத்தேன். அறை 30 டிகிரி, மீட்டரில் 8 கிலோ ஓம். பனிக்கட்டித் தண்ணீரில் ஏறக்குறைய 33. 60 டிகிரி வெந்நீரில் இரண்டரை. டம்ளரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் பொத்தினால் எண் கண் முன்னே இறங்கியது. கம்பெனி போட்ட சென்சார் சாகவே இல்லை. செத்தது ஒரு சாண் வயர்.

வெள்ளீயம் பூசிய வயர் ஒரு மீட்டரும், உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயும் வாங்கினேன். மொத்தம் 240 ரூபாய். கனெக்டரில் இருந்த படிகத்தை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துக் கழுவி, காயவைத்து, பழைய சென்சாரையே திரும்ப இணைத்தேன். சுரண்டி எடுக்க முயலாதீர்கள், அந்தப் படிகம் தண்ணீரில் தானாகவே கரையும். இப்போது ஆறு வாரம் ஆகிறது. காலையில் மூன்று சென்சாரும் ஒரே எண்ணைச் சொல்கின்றன.

இந்த வேலையில் கை வைப்பவர்கள் முதலில் கனெக்டரையும் வயரையும் பாருங்கள், அதற்குப் பிறகு சென்சாருக்கு வாருங்கள். எதை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் பனிக்கட்டித் தண்ணீரிலும் வெந்நீரிலும் வைத்து அளந்துவிடுங்கள். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் அளவு வேறாக இருக்கலாம், ஆனால் அசையாமல் நிற்கும் எண்ணுக்கு எந்த வண்டியிலும் வேலை இல்லை. வெளியே எடுத்த யூரியாவைத் திரும்ப ஊற்றுவதாக இருந்தால் தூசியும் டீசலும் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. கடை வாசலில் வெயிலில் அடுக்கிய கேன்களை வாங்காதீர்கள். 35 டிகிரி வெப்பத்தில் டெஃப் ஆறு மாதம்தான் தாங்கும். கேனில் உள்ள தேதியைப் பாருங்கள்.

விற்பனையாளரை அழைத்து அறுத்த துண்டின் படத்தை அனுப்பினேன். மாட்டிய பொருளுக்கு வாரண்டி கிடையாது என்றார். பிறகு சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "ஊட்டிக்குப் போனால் அப்படித்தான் வரும் சார். மலைப்பக்கம் போகாமல் இருந்தால் ஒன்றும் தெரியாது." தெரிந்தேதான் விற்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். அங்கிருந்து தொடர்பு கொண்டபோது அவர் பதில் தரவில்லை என்று தெரிவித்தார்கள். இப்போது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. பில் இல்லாததால் பணம் அனுப்பிய ரசீது, உரையாடல்கள், விளம்பரக் காணொளியின் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நான் எண் கொடுத்த நண்பர்கள் இருவரில் ஒருவர் ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தார். அவருடையதையும் போன வாரம் கழற்றி வெந்நீரில் வைத்துப் பார்த்தோம். 9.94, அசையவில்லை.

விளம்பரம் இன்னும் ஓடுகிறது. விலையை 7,400 ஆக்கியிருக்கிறார்கள். சுண்டுவிரல் பருமனில் கறுப்புப் பிளாஸ்டிக் உறை, நுனியில் ஒரு மஞ்சள் புள்ளி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். எந்தக் கம்பெனியின் பெயரோ பாக எண்ணோ அதில் அச்சிடப்பட்டிருக்காது. அந்தப் பொருள் உங்கள் கைக்கு வந்திருந்தால் மாட்டாதீர்கள். மாட்டியிருந்தால் மலையேறுவதற்கு முன் கழற்றி அளந்துவிடுங்கள்.