மரப் பாய்ப்படகு: திருத்தி விற்பதா, இருந்தபடியே விற்பதா?

அப்பா விட்டுப்போன பாய்ப்படகைப் போன ஆவணியில் விற்றேன். அதற்கு முன் ஐந்து மாதம் இரண்டு மனமாக அலைந்தேன். நன்றாகத் திருத்தி, பெயின்ற் அடித்து, நல்ல விலைக்குக் கொடுப்பதா? இல்லை, குறையெல்லாம் காட்டி இருந்தபடியே கொடுப்பதா? முதலாவதைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன், இரண்டாவதைச் செய்தேன். இன்னொரு தரம் வந்தாலும் இரண்டாவதைத்தான் செய்வேன், அதுவும் முதல் நாளிலிருந்தே.

படகு வெர்ச்சு வகை. 25 அடிதான். லோரன்ட் ஜைல்ஸ் என்ற ஆங்கிலேயர் வரைந்த வடிவம், முதற்படகு 1936இல் கடலில் இறங்கியது. 1950இல் ஹம்ஃப்ரி பார்ட்டன் இந்த வகைப் படகொன்றில், துணைக்கு ஒருவரோடு, இங்கிலாந்திலிருந்து நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து தூரக்கடல் ஓடுகிறவர்களிடம் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை. எங்களுடையது ஹொங்கொங்கில் தேக்கில் கட்டியது. சண்டை முடிந்த பிறகு திருகோணமலை உள்துறைமுகத்தில் வந்து நின்ற ஒரு வெள்ளைக்காரரிடம் அப்பா வாங்கினார். அப்பா போன பிறகு இரண்டு வருசம் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

வேறு வழிகளும் வந்தன. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதிக்காரர் முற்றத்தில் வைக்கக் கேட்டார். பழைய இரும்புக்காரர் படகின் அடியில் தொங்கும் இரும்பு அடிப்பாரத்தையும் பித்தளைச் சாமான்களையும் நிறுத்துப் பார்க்கக் கேட்டார். இரண்டு பேரிடமும் நான் விலைகூடப் பேசவில்லை.

திருத்தி விற்பதில் உள்ள இலாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படம் அழகாக வரும், கேட்பவர்கள் கூடுவார்கள், விலையும் கூடும். அந்தக் கணக்கில் நான் சேர்க்காமல் விட்டது ஒன்று: வேலை முடிந்த நாளிலிருந்து வாங்குபவர் வரும் நாள்வரை அந்தப் படகை யார், எங்கே, எப்படி வைத்திருப்பது? மரப்படகில் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

சித்திரையில் படகைச் சீனன்குடாப் பக்கம் கரையேற்றினோம். கிண்ணியாவிலிருந்து வந்த, படகு கட்டும் தச்சரான ஓடாவி காக்கா பார்த்துவிட்டு முதலே சொன்னார்: “தம்பி, கரையில கனநாள் வைக்காதீங்க. கச்சான் வந்தா பலகை வாய் திறக்கும்.” நான் கேட்கவில்லை. மேற்தளப் பலகை, பாய்மர அடி, உள்ளறை என்று வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆனியில் கச்சான் கிளம்பியது. அனல் மாதிரிக் காற்று, நாள் முழுக்க. ஒரு பின்னேரம் முன்முனைப் பக்கம், அணியத்துக்குக் கிட்டப் பலகை இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். இடுக்கை அடைத்திருந்த பழைய பஞ்சுத்திரி தளர்ந்து தொங்கியது. சமையல் கத்தியின் அலகு முழுசாக உள்ளே போனது. நான் காசு கொட்டித் திருத்திக்கொண்டிருந்த அதே நாட்களில் மற்றப் பக்கத்தால் படகு கெட்டுக்கொண்டிருந்தது.

அப்படியானால் தண்ணீரிலேயே வைத்துத் திருத்தலாமே என்பார்கள். தண்ணீரில் கப்பற்புழு இருக்கிறது. வெளியே ஊசிமுனை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே மரம் தேன்கூடு போல ஆகிவிடும். தேக்கு ஓரளவு தாங்கும். ஆனால் ஒரு படகில் எல்லா மரமும் தேக்காக இருப்பதில்லை. செப்புச் சேர்ந்த அடிப்பெயின்ற் தேய்ந்த இடத்தில் புழு குடியேறும், எங்களுடைய சூடான கடலில் வருசம் முழுக்க அதற்கு ஓய்வே இல்லை. பிறகு ஐப்பசி கழிய வாடைமழை. மரத்தை உக்கவைப்பது உப்புத்தண்ணீர் அல்ல, மழைத்தண்ணீர். மேற்தளத்தில் ஒரு சின்ன ஒழுக்கு இருந்தால் போதும், நல்லதண்ணீர் வங்கால்களின், அதாவது பலகையைத் தாங்கும் விலாச்சட்டங்களின், தலைப்பில் தங்கி உள்ளுக்குள்ளேயே தின்னும். ஆக, திருத்திய படகைக் கரையில் வைத்தால் வெயில், கடலில் விட்டால் புழு, இரண்டிலும் மழை. வாங்குபவர் ஒரு வருசம் தாமதித்தால் திருத்திய வேலையில் பாதியைத் திரும்பவும் செய்ய வேண்டும். இப்படியான படகை வாங்கக்கூடிய ஆட்கள் உலகத்திலேயே கொஞ்சப்பேர். அவர்கள் நாளைக்கே வந்து நிற்பார்கள் என்று எப்படி நம்புவது?

இருந்தபடியே விற்றதில் விலை குறைந்தது, மறைக்கவில்லை. நான் மனதில் வைத்திருந்த தொகையில் ஐந்தில் மூன்று பங்குதான் வந்தது. ஆனால் திருத்தச் செலவையும் காத்திருக்கும் செலவையும் கழித்தால் கையில் நிற்பது இதுதான் கூட.

இருந்தபடியே என்றால் போட்டபடியே அல்ல. மழை உள்ளே போகும் இடங்களை அடைத்தேன். மேலே தறப்பாள் கட்டினேன், அடித்தட்டைத் துடைத்துக் காயவிட்டேன். கெட்ட இடங்களைத்தான் முதலில் படம் எடுத்தேன். இன்னொன்றும் செய்தேன்: அடிப்பாரத்தைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளில் ஒன்றைக் கழற்றிக் காட்டினேன். இரண்டு தொன்னுக்குக் கிட்டிய இரும்பு அந்தப் போல்ற்றுகளில்தான் தொங்குகிறது. அவை மரமும் இரும்பும் சேரும் இடத்தில் அரிக்கும், மேலே நட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்க வந்தவருக்கு முன்னாலேயே ஓடாவி காக்கா அடித்து இறக்கினார். இரண்டு முனையும் பெருவிரல் மொத்தம், நடுவில் சின்னி விரல் அளவு. வாங்க வந்தவர் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எல்லாப் போல்ற்றையும் மாற்ற வேண்டும் என்று விலையைக் குறைத்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர் சந்தேகப்படவில்லை.

அருமையான படகு என்றால் தெரிந்தவர்கள் தேடித்தான் வருவார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, எங்கள் மாலுமிகள் 1938இல் அதை மாசச்சூசெற்ஸின் குளோஸ்டர் துறைமுகம்வரை ஓட்டிப் போனார்கள். என்னிடம் வந்தவரும் அந்தச் சாதிதான். பெயின்ற்றை அவர் பார்க்கவே இல்லை, வங்கால்களைத்தான் தட்டிப் பார்த்தார். என்ன மரம், என்ன ஆணி என்று தானே தெரிவு செய்ய விரும்புகிறவருக்கு நான் செய்து வைத்த திருத்தம் இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும்.

நான் விற்றது இந்த ஒரு படகுதான். பைபர் படகுக்கு இந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம். அதற்குப் புழுவும் இல்லை, வாய் திறக்கும் பலகையும் இல்லை. அங்கே திருத்தி விற்பதே சரியாகலாம். எஞ்சின் மட்டும் எந்தப் படகிலும் ஓடும் நிலையில் இருக்கட்டும். எங்களுடையது முதல் அடியிலேயே பிடித்தது, பேரத்தில் அது உதவியது.

வாங்கியவர் ஒரு மாதம் இங்கேயே நின்று, ஓடாவி காக்காவை வைத்துப் போல்ற் மாற்றி, இடுக்குகளுக்குத் திரி அடைத்துக் கலப்பத்துப் பார்த்து, மழைக்கு முன் புரட்டாசியில் படகை இறக்கினார். முதல் இரண்டு நாளும் இடுக்கெல்லாம் தண்ணீர் வந்தது, இரவிலும் ஆள் வைத்து இறைத்தோம். மூன்றாம் நாள் விடிய நான் போனபோது பலகை ஊறி இறுகியிருந்தது. அடித்தட்டில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை.