ரிச்சி தெருவில் பிரிண்டர் பழுதுநீக்கம்: ஒரு மதிப்பீடு

அச்சில் வெள்ளைக் கோடுகள் விழத் தொடங்கிய இங்க் டேங்க் பிரிண்டரைச் சென்னை ரிச்சி தெருவின் மாடிக் கடை ஒன்றில் கொடுத்திருந்தேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் ஸ்க்ரூவில் கை வைக்கவில்லை. மைத் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று காட்டும் சோதனை அச்சான நாசில் செக் தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மஞ்சள் கட்டத்தில் மட்டும் கோடுகள் அறுந்திருப்பதைக் காட்டினார். வாரக்கணக்கில் அச்சிடாமல் விட்டால் மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டின் நுண்துளைகளில் மை உலர்ந்துவிடும் என்பதால், பிரிண்டரே அத்துளைகளைச் சுத்தம் செய்துகொள்ளும் ஹெட் கிளீனிங்கை ஓரிரு முறை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் செய்தால் மை வீணாவதோடு, கழிவு மையை உறிஞ்சும் உட்புறப் பஞ்சும் நிரம்பி இயந்திரமே அச்சிட மறுத்துவிடும் என்று அவர் விளக்கியது முற்றிலும் சரியே. தாள் இழுக்காத குறைக்கு ரோலரை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார், கட்டணம் கேட்கவில்லை. ஹெட்டையே மாற்ற நேர்ந்தால் புதிய இயந்திரத்தின் விலையில் பெரும்பங்கு செலவாகும், அதற்குப் புதிதே வாங்கலாம் என்று வேலையைத் தொடங்கும் முன்பே சொன்னதுதான் இக்கடையை நான் பரிந்துரைக்க முதன்மைக் காரணம். நல்லவேளையாக, ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ததிலேயே மஞ்சள் திரும்பிவிட்டது. சொன்ன நாளில் தராமல் இழுத்தடித்ததும், உத்தரவாதத்தை வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொண்டதும் குறைகள். ரசீதில் அதை எழுதித் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது.