அம்மாவின் சிறுநீர்க் கசிவு மாத்திரை: ஒன்றரை வருட அனுபவம்

தோழி நேற்று போனில் கேட்டாள்: "என் மாமியாருக்கும் அதே பிரச்சனைதான். உங்கம்மாவுக்கு எந்த மாத்திரை குடுக்கறே?" பெயரைச் சொன்னால் அப்படியே மெடிக்கலில் வாங்கிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. அவசரம் வந்தால் பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்துவிடும். முதலில் கொடுத்தது ஆக்சிபியூட்டினின். கசிவு குறைந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வாய் வறட்சி! இட்லியை மென்றுவிட்டு விழுங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு. வறட்சிக்குத் தண்ணீர், குடித்த தண்ணீருக்கு மறுபடி பாத்ரூம். அப்புறம் மலச்சிக்கல். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி எழுந்து, இறந்து ஒன்பது வருடமான அப்பாவுக்குக் கதவைத் திறக்கப் போனார். வயசாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார். கால் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின். அரிப்புக்கு அவ்வப்போது குளோர்ஃபெனிரமின். மூன்றும் நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்துகிற அசிட்டைல்கொலின் என்ற பொருளைத் தடுப்பவை, சேர்ந்தால் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும் என்றார். ஒன்றை நிறுத்தி, மற்றவற்றைக் குறைத்த பிறகு அம்மா தெளிந்தார்.

இப்போது ஆக்சிபியூட்டினினுக்குப் பதிலாக மிராபெக்ரான் 25 மி.கி. பலன் தெரிய ஆறு வாரம் ஆனது. சொம்பு சமையலறைக்குத் திரும்பிவிட்டது. பி.பி. ஏறலாம் என்பதால் வாரம் ஒருமுறை பார்த்து காலண்டர் ஓரத்தில் குறிக்கிறேன். கட்டுக்கடங்காத பி.பி. இருப்பவர்களுக்கு இது ஆகாது. பெரிய மாத்திரை எதுவானாலும் பாக்குவெட்டியால் இரண்டாக்குவது அம்மாவின் பழக்கம். இது மெல்லக் கரைகிற மாத்திரை, உடைக்கவே கூடாது. டப்பாவை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். இருமினால், தும்மினால் கசிகிற வகைக்கு இந்த மாத்திரைகள் உதவாது, அதற்கு இடுப்புத் தசைப் பயிற்சிதான் முதலில்.

விலை கூடுதல் என்றாலும் நல்ல மாத்திரை. ஆனாலும் "வேற என்னென்ன மாத்திரை" என்ற அந்தக் கேள்வியை முதல் நாளே யாரும் கேட்கவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால் மிராபெக்ரானை வாங்கு என்று தோழியிடம் சொல்லப் போவதில்லை. மாமியாரின் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேசையில் கொட்டு என்பேன். அரிப்பு மாத்திரையையும் சேர்த்து.