ஈரோட்டில் ஒரு கடல் மீன் கடை: ஐஸுக்கு நாலு ஸ்டார், டெலிவரிக்கு ஒன்று

பெருந்துறை ரோட்டுப் பக்கம் இருக்கிற இந்தக் கடை எப்படி என்று குடும்ப குரூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை, அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். கடல் மீனுக்கு மட்டும்தான் இந்த ரிவியூ. கட்லா, ஜிலேபி வேண்டும் என்றால் பவானிசாகர் அணைப் பக்கம் போய்க்கொள்ளுங்கள், அதற்காக இங்கே வர வேண்டியதில்லை.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்தது ஐஸ். வஞ்சிரம், பாறை எல்லாம் பார்வைக்கு மேலே அடுக்கியிருப்பார்கள். மத்தி, அயிலை, சூரை மூன்றும் தெர்மாகோல் பெட்டிக்குள் நொறுக்கின ஐஸில் புதைந்து கிடக்கும். கேட்டால்தான் தோண்டி எடுப்பார்கள், நிறுத்துப் போட்டதும் மிச்சத்தை மறுபடி ஐஸ் போட்டு மூடிவிட்டுத்தான் காசையே கையில் வாங்குவார்கள். பெட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது, உருகின தண்ணீர் வடிந்துபோகிறது, மீன் ஊறிக் கிடப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் "மீனைக் கண்ணுலயே காட்ட மாட்டீங்களா" என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். சூரை, அயிலை, மத்தி மாதிரியான மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. மீனின் செவுளிலும் குடலிலும் இருக்கிற சில பாக்டீரியாக்களிடம், மார்கனெல்லா மார்கனி அதில் பேர்போனது, ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி உண்டு. மீன் செத்து வெயிலில் கிடந்தால் பாக்டீரியா பெருகும், இந்த நொதி ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடும், மிச்சம் நிற்பது ஹிஸ்டமின். அலர்ஜி வந்தால் நம் உடம்பே சுரக்கிறதே, அதே சாமான்தான். இதில் மோசம் என்னவென்றால் ஹிஸ்டமின் கொதிக்கிற குழம்பிலும் அழியாது, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தாலும் அழியாது, டின்னில் அடைத்தாலும் அப்படியே இருக்கும். கிருமி செத்துப்போகும், அது செய்துவைத்த சரக்கு தட்டுக்கு வந்துவிடும்.

செவுள் சிவப்பா, கண் தெளிவா, அமுக்கினால் குழி விழுகிறதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பார்களே, கெட்ட மீனைத் தள்ளிவைக்க அது சரிதான். ஆனால் ஹிஸ்டமினுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. பார்க்க நல்லாயிருக்கிற மீனிலேயே ஏறியிருக்கலாம். சில பேருக்கு மிளகைக் கடித்த மாதிரி நாக்கில் சுர்ரென்று இருக்கும், அதைத் தவிர வாயில் வேறு அடையாளம் கிடையாது.

எங்கள் சித்தப்பா ஒரு தடவை வெளியே எங்கேயோ சூரை வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்தார். அரை மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்றாகி, தலைவலி, நெஞ்சு படபடப்பு. மீன் அலர்ஜி என்று முடிவுகட்டி அதோடு மீனையே விட்டுவிட்டார். கூடச் சாப்பிட்ட ரெண்டு பேருக்கும் அதேதான் வந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே மீனைத் தின்ற எல்லாருக்கும் வந்தால் அலர்ஜியைவிட இந்த ஹிஸ்டமின் விஷத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் அடங்கிவிடும், டாக்டர்கள் கொடுப்பதும் ஆன்டிஹிஸ்டமின்தான். ஆனால் மூச்சு இழுத்தாலோ, இதய நோய் இருப்பவராக இருந்தாலோ வீட்டில் மாத்திரை தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். டிபிக்கு ஐசோநியாசிட் எடுப்பவர்கள் இந்த மூன்று மீனையும் தவிர்ப்பது நல்லது, குடலில் ஹிஸ்டமினை உடைக்கிற நொதியை அந்த மருந்து மட்டுப்படுத்துகிறது.

நொதியையே வில்லனாக்கவும் முடியாது. நம் உடம்பிலும் ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் ஆக்குகிற நொதி இருக்கிறது, வைட்டமின் பி6 துணையோடு. இரைப்பையில் அமிலம் சுரக்க அது செய்கிற ஹிஸ்டமின் வேண்டும், மூளை விழித்திருக்கவும் வேண்டும். ஹிஸ்டமினைத் தடுக்கிற அலர்ஜி மாத்திரை அவில் போட்டால் தூக்கம் சொக்குவது அதனால்தான். ஹிஸ்டமின் இரைப்பையில் செய்கிற வேலையைத் தடுக்கிற சிமெட்டிடின் மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல் நோபல் பரிசே கிடைத்தது.

சரி, கடைக்கு வருவோம். கடை ஐஸ் மட்டும் போதுமா என்றால் போதாது. படகிலிருந்து இறங்கினதும் வெயிலில் கிடந்திருந்தால், அதற்குள் உண்டான நொதி குளிரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். உறையவைத்தாலும் நொதி சாகாது, உருகினதும் மறுபடி ஆரம்பிக்கும். இந்தக் கடையில் ஒரு சிலேட்டில் எந்த மீன் எந்த ஊர், எப்போது வந்தது என்று எழுதி வைத்திருப்பதை அதனால்தான் மதிக்கிறேன். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது "ஐஸ் மீன்" என்று ஒளிக்காமல் எழுதுகிறார்கள். "ஏனுங் தம்பி, சூரை எப்படி?" என்று கேட்டதற்கு, "இன்னிக்கு வேண்டாங்க்கா, உறைஞ்ச கட்டியா வந்ததுங்க, அயிலை எடுத்துக்கோங்க" என்றார் வெட்டுகிற பையன். வேறு கடையில் இந்தப் பதில் கிடைத்ததில்லை.

லேப் ரிப்போர்ட் கேட்பீர்களா என்று கிண்டல் செய்யாதீர்கள். உலக அளவில் உணவுத் தரம் வகுக்கிற கோடெக்ஸ் அமைப்பின் ஹிஸ்டமின் வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கில் 9 மாதிரி எடுத்து, சராசரி 100க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்பது எதற்கு என்றால், ஒரே பெட்டியில் ஒரு மீன் சுத்தமாக இருக்கும், பக்கத்து மீனில் ஏறியிருக்கும். நமக்கு அரைக் கிலோவில் அதெல்லாம் நடக்காது, ஐஸைப் பார்ப்பதுதான் வழி.

இனி குறை. வெட்டுகிற இடம் சுமார். குடலை எடுத்த அதே கட்டையில் அடுத்த மீனையும் துண்டு போடுகிறார்கள், ஒரே பக்கெட் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். செவுள், குடல் கிருமியை சதை முழுக்கப் பூசுகிற வேலை அது. நான் முழு மீனாக வாங்கி வீட்டில்தான் கழுவுகிறேன்.

டெலிவரி சுத்த மோசம். காலையில் ஐஸுக்குள் பொத்திப் பொத்தி வைத்த மத்தியை, மத்தியானம் கேரி பேக்கில் போட்டு பைக் ஹேண்டிலில் மாட்டி சித்தோடு வரைக்கும் வெயிலில் கொண்டுபோகிறார்கள். கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன் போட்டுச் சொன்னதற்கு, "நல்லா வேக வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க்கா" என்கிறார் ஓனர். ஐஸைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு இது தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. பணத்தை மட்டும் மறு பேச்சில்லாமல் ஜிபேயில் திருப்பிப் போட்டுவிட்டார்.

விலை சந்தையைவிடக் கொஞ்சம் கூடத்தான், எனக்குப் பரவாயில்லை. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு மட்டும் போய்விடாதீர்கள், கூட்டத்தில் பெட்டி மூடியே கிடப்பதில்லை. மற்ற நாளில் காலை எட்டு மணிக்குள், கையில் ஒரு ஐஸ் பெட்டியோடு. கேட்டால் ஒரு கை ஐஸ் சும்மாவே அள்ளிப் போடுவார்கள்.