கேம்ஷாஃப்ட் மாற்றம்: ஒரு தடவை கடையில், ஒரு தடவை என் கையால்

ஒரே வண்டிக்கு இரண்டு தடவை கேம்ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறக்க வைக்கும் மேடுள்ள தண்டு, சுருக்கமாக கேம்) மாற்றியாயிற்று. முதலில் கடையில் கொடுத்தேன், அடுத்த முறை நானே உட்கார்ந்து மாற்றினேன். ஒற்றை சிலிண்டர், ஒரே கேம், ஸ்க்ரூவைத் திருகி டேப்பெட் இடைவெளி (வால்வுக்கு மேலே விடும் சின்னச் சந்து) வைக்கிற இன்ஜின் என்றால் தாராளமாக நீங்களே செய்யலாம், நான் கடைக்குத் திரும்பப் போக மாட்டேன்.

கடையில் வேலை சீக்கிரம் முடிந்தது, சத்தமும் நின்றது. ஆனால் சில மாதத்தில் மறுபடியும் அதே டிக் டிக். ஹெட் கவரைக் கழற்றினால் கேம் மட்டும்தான் புதுசு, கேமின் மேடு தள்ளும்போது வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம் இரண்டும் பழையது! ராக்கரின் முகத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், சொரசொரவென்று தட்டியது. அந்தச் சொரசொரப்பு புது கேமின் மேட்டை அரம் போட்ட மாதிரி ராவியிருந்தது. கேமும் ராக்கரும் ஜோடியாகத் தேய்பவை, மாற்றினால் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டாலும் இதே கதிதான்.

நானே செய்தபோது அரை நாள் போனது, அதில் பாதி நேரம் டைமிங்குக்கு, அதாவது கேமையும் கிராங்கையும் (பிஸ்டனோடு இணைந்த அடித்தண்டு) சரியான நிலையில் சேர்ப்பதற்கு. பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் T குறி மேக்னட்டில் (கிராங்கின் முனையில் சுழலும் சக்கரம்) இருக்கும், அது ஒவ்வொரு சுற்றிலும் வந்து நிற்கும், அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு ராக்கரும் லூசாக ஆடினால்தான் கம்ப்ரஷன், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை, அங்கேதான் டைமிங் வைக்க வேண்டும். முதலில் கேமைச் சுற்றும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றிவிட்டு, அப்புறம் கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டில் கை வையுங்கள். செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, கீழே போகிற பள்ளத்தில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள், ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அடி இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். புது கேமின் மேடுகளில் ஆயிலை நன்றாகத் தடவிப் பூட்டுங்கள்.

எல்லாம் பூட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். நடுவில் எங்கேயாவது தட்டி நின்றால் அழுத்தவே கூடாது, வால்வு பிஸ்டனில் இடிக்கிறது என்று அர்த்தம், செயின் ஸ்ப்ராக்கெட்டில் பல் மாறி உட்கார்ந்திருக்கும். டேப்பெட் இடைவெளியை இன்ஜின் ஆறிய நிலையில் ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்கே வையுங்கள்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் சுமார்தான் வரும், கை பலத்தில் முறுக்கினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

நான்கு சிலிண்டர், இரட்டை கேம், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) வைத்த இன்ஜின் என்றால் கடைதான் சரி, அளந்து அளந்து ஷிம் மாற்றுவதற்குப் பழகிய கை வேண்டும். கொடுக்கும்போதே ராக்கரோ பக்கெட்டோ (ராக்கருக்குப் பதில் வால்வின் மேல் உட்காரும் கிண்ணம்) எது இருக்கிறதோ அதையும் பார்க்கச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.