விடுதலைப் பத்திரமா, செட்டில்மென்டா, பாகப்பிரிவினையா?

அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அக்கா தங்கைமார் தங்கள் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கத் தயார். எந்தப் பத்திரம் போடுவது?

கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குடும்பத்துக்குள் என்றால் விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்), செட்டில்மென்ட் இரண்டுக்கும் முத்திரைத்தீர்வை 1% (உச்சம் 40,000 ரூபாய்), பதிவுக்கட்டணம் 1% (உச்சம் 10,000). பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனி.

செட்டில்மென்ட், உயிரோடிருப்பவர் தன் சொத்தைப் பிரியத்தால் கொடுப்பதற்கு. அம்மா மட்டும் கையெழுத்திட்டு முழு மனையையும் மகனுக்கு எழுதினால் அவர் பங்கு மட்டுமே போகும். மீதி அப்படியே தொங்கும். வாரிசுகளுக்குள் விட்டுக்கொடுக்க விடுதலையே பொருத்தம். விடுகிற பங்கின் மதிப்புக்கு மட்டும்தான் தீர்வை. ஆளுக்கொரு துண்டு வேண்டுமென்றால் பாகப்பிரிவினை. அளந்து உட்பிரிவு செய்யாவிட்டால் கூட்டுப் பட்டாதான் மிஞ்சும்.

யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் குமரி மாவட்டத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். 30 சென்ட், அம்மா, மூன்று பிள்ளைகள் என்று வைப்போம். கிறிஸ்தவக் குடும்பமானால் அம்மாவுக்கு 10 சென்ட், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6.67. இந்துக் குடும்பமானால், அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் நால்வருக்கும் 7.5, அப்பாவின் தாயும் உயிரோடிருந்தால் ஐந்து பங்கு, ஆளுக்கு 6. அந்தப் பாட்டியின் கையெழுத்தைத்தான் எல்லாரும் மறப்பது.

குமரி முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகள்களுக்குச் சீதனத்தோடு சரி. 1951-லிருந்தே அது செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இடைப்பட்ட காலத்தில் ஆண்மக்கள் மட்டும் போட்ட பாகப்பத்திரம் உங்கள் மூலப்பத்திரங்களில் (சொத்தின் முந்தைய பத்திரங்களில்) இருந்தால், அத்தைமாரோ அவர்கள் வாரிசுகளோ விடுதலை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டா சுத்தமாக இருப்பது இதற்குப் பதிலாகாது.

பத்திரத்தில் வாரிசுச் சான்றிதழ் விவரம், சர்வே எண், நான்கெல்லை, விடுகிற பங்கு, யாருக்கு விடுகிறார் என்பது தெளிவாக வரவேண்டும். பணம் கைமாறியிருந்தால் தொகையை எழுதிவிடுங்கள். ‘பிரதிபலனின்றி’ என்று எழுதிவிட்டுத் தனியே பணம் கொடுப்பதுதான் பின்னாளில் வழக்காகிறது. இந்து மைனர் பிள்ளையின் பங்கைக் காப்பாளர் விடுவிக்க நீதிமன்ற அனுமதி முன்கூட்டியே வேண்டும். வளைகுடாவிலிருக்கும் அண்ணன் தூதரகத்தில் பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டவேண்டும். ‘விடுதலை எழுதிக்கொடுக்க’ என்ற அதிகாரம் அந்தப் பவரிலேயே இருக்கட்டும். ‘சொத்தைப் பராமரிக்க’ என்றிருந்தால் பயனில்லை.